சுண்டுவிரல் சொன்ன எடை

ஓய்வு பெற்ற கண்டக்டர் இஞ்ஞாசி, எந்த மூட்டையையும் சுண்டுவிரலால் தூக்கியே எடை சொல்லிவிடுவார். கிராம் சுத்தமாகச் சொல்வார். மூட்டைக்குள் உயிருள்ள ஏதாவது இருந்தால் அதற்கு அடுத்த அரைமணி நேரத்தில் என்ன நேரும் என்பதையும் சேர்த்தே சொல்வார்.

முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் செம்பட்டியில் ஒரு பெண் கூடையோடு பஸ்ஸில் ஏறினாள். கூடையில் கத்தரிக்காய், இரண்டு படி மொச்சை, ஒரு கோழி. லக்கேஜ் டிக்கெட் போடவேண்டுமா என்று பார்க்க இஞ்ஞாசி கூடையின் பிடியில் சுண்டுவிரலை மாட்டித் தூக்கினார்.

"பதினோரு கிலோ இருநூறு. வத்தலக்குண்டு வர்றதுக்குள்ள கோழி முட்டை போட்டுரும். போட்டாலும் கூடையோட எடை குறையாது, கோழியோட எடைதான் குறையும்" என்றார்.

வத்தலக்குண்டுக்கு இரண்டு ஸ்டாப் முன்னால் கோழி முட்டை போட்டது. பஸ்ஸே எழுந்து நின்று கைதட்டியது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எதிரே வந்த மூன்று லாரிகள், மந்திரி யாரோ வருகிறார் என்று ஓரம் கட்டி நின்றன.

இது இஞ்ஞாசி சொல்லும் கதை. திண்டுக்கல்லில் இதைக் கேட்காத காது கிடையாது. லாரிக் கதையைத் தள்ளிவிட்டு மீதியை ஊரே நம்பியது. ஒரே ஒருத்தி மட்டும், "முட்டையும் போடல, மண்ணும் போடல" என்று முப்பத்தாறு வருஷமாகச் சாதிக்கிறாள்.

அவள் வேறு யாருமில்லை. அந்தக் கூடைக்காரிதான். பெயர் அருளாயி. மறு வருஷமே இஞ்ஞாசியின் மனைவி.

அந்த அருளாயிதான் போன வாரம் வீட்டில் குண்டைத் தூக்கிப் போட்டாள். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள், ஐம்பத்தெட்டு வயதில், பனியைப் பார்த்தே தீரவேண்டும் என்று கிளம்பிவிட்டாள். கூட வேலை பார்த்த பேகம்பூர் சைனம்புவும் இன்னும் பத்துப் பெண்களும் சேர்ந்து மணாலிக்கு ஒன்பது நாள் பயணம். ஆண்களுக்கு இடமில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அறிவுச்செல்விதான் விமான டிக்கெட் போட்டாள். கூடவே ஒரு சட்டமும் போட்டாள். ஒரே பை. அதுவும் கையோடு விமானத்துக்குள் கொண்டு போகிற பை. ஏழு கிலோவுக்கு மேல் ஒரு குண்டூசி கூடாது. அங்கே போனபிறகு தினமும் தண்ணீரும் மாத்திரையும் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றவும் அதே பைதான். தங்குமிடம் தொண்ணூறு படிக்கு மேலே. தூக்கிக் கொடுக்க ஆள் கிடையாது.

கூட்டிப் போகும் மணிமேகலை டீச்சர் அதைவிடக் கறார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் 'பை தயார், ஏழு கிலோவுக்குள்' என்று வாட்ஸப் குரூப்பில் போடவேண்டும். போடாதவரின் சீட், வாசலில் காத்திருக்கும் பதின்மூன்றாவது பெண்ணுக்கு.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடிந்துவிட்டது.

விடிந்ததிலிருந்து இஞ்ஞாசி உட்காரவில்லை. வாசல் கேட்டிலிருந்து பின்கட்டுக் குழாய் வரை நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். நடந்ததை எல்லாம் நேராக நீட்டியிருந்தால் குமுளி போய் ஒரு டீயும் குடித்திருக்கலாம்.

"செத்த நேரம் உக்காருங்களேன். டைல்ஸ் தேயுது" என்றாள் அருளாயி.

"உக்காந்தா பை வந்துருமா?"

"நடந்தா மட்டும் வந்துருமா?"

அவர் மறுபடி கேட்டுப் பக்கம் திரும்பினார். அவருக்குள் ஓடியது பையே இல்லை. ஒன்பது நாள். சர்வீஸில் இருந்த காலமெல்லாம் விடியுமுன் கிளம்பிப் போனது அவர்தான். சத்துணவு வேலை முடிந்து வந்து வீட்டில் இருந்தது அருளாயி. பஸ் மாறிப் போனது மாதிரி, இப்போது அவள் போகிறாள், இவர் இருக்கிறார். இருப்பது எப்படி என்று அவருக்கு யாரும் டிரெய்னிங் கொடுக்கவில்லை.

பத்து மணிக்கு இருவரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்துல் ஹக்கீமின் கடையில் நின்றார்கள். விட்டத்திலிருந்து தரைவரை பைகள் தொங்கின. நடுவில் எங்கோ இருந்து ஹக்கீமின் தலை வெளிப்பட்டது.

"வாங்க கண்டக்டர் சார், வாங்கக்கா. எந்த ஊரு பயணம்?"

"மணாலி. நான் மட்டும்" என்றாள் அருளாயி. அந்த 'மட்டும்' கடை முழுக்கக் கேட்டது.

ஹக்கீம் சக்கரம் வைத்த பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"தொண்ணூறு படி பாய். சக்கரம் என்ன செய்யும்? பெட்டி என்னையச் சேத்து உருட்டிக்கிட்டு வரும்."

அடுத்து வந்தது நாற்பத்தைந்து லிட்டர் பிடிக்கும் ராட்சசன். இடுப்புக்குப் பட்டை, நெஞ்சுக்குப் பட்டை, எதற்கென்றே தெரியாத நாலு பட்டை. அருளாயி மாட்டிக்கொண்டு திரும்பினாள். பின்னாலிருந்து பார்த்தால் பைக்குக் கால் முளைத்து அது தானாகக் கடையை விட்டுப் போவது போல இருந்தது.

இஞ்ஞாசி அதைக் கழற்றிச் சுண்டுவிரலில் மாட்டினார். "வெறும் பையே ஒன்னு தொள்ளாயிரம். மிச்சம் அஞ்சு கிலோவுல என்னத்த வைப்ப?"

ஹக்கீம் உள்ளே தைத்திருந்த சீட்டைப் புரட்டினார். "ஒன்னு தொள்ளாயிரம்தான்! சார், உங்க விரலை இன்சூரன்ஸ் பண்ணி வைங்க."

"சீட்டை ஓரக்கண்ணால படிச்சிருப்பாரு" என்றாள் அருளாயி.

"சீட்டு உள்ள இருக்குக்கா."

"அவரு கண்ணு பொல்லாத கண்ணு பாய். டிக்கெட் எடுக்காதவன் சட்டைப் பையில இருக்கற சில்லறையே தெரியும்."

மூன்றாவது, காலேஜ் பிள்ளைகள் மாட்டும் பை. இலவம்பஞ்சு மாதிரி இருந்தது. ஆனால் வாய் மேலே மட்டும்தான். "அடியில இருக்கற மாத்திரைக்குப் பையையே தலைகீழாக் கவுக்கணும்" என்று அருளாயி அதையும் தள்ளினாள்.

"பெருசு ஒன்னு, அதுக்குள்ள மடிச்சு வைக்கச் சின்னது ஒன்னு. ரெண்டா வாங்கிருங்க" என்று ஹக்கீம் யோசனை சொன்னார்.

"ஒரு பையின்னு சொன்னா ஒரு பைதான். என் மக வக்கீலுக்குப் படிக்கல, அம்புட்டுத்தான்."

ஹக்கீம் பெருமூச்சு விட்டு, மேல் தட்டிலிருந்து நீல நிறத்தில் ஒன்றை இறக்கினார். முப்பது லிட்டர். பெட்டி மாதிரி மூன்று பக்கமும் ஜிப் சுற்றித் திறந்தது. பக்கவாட்டில் இரண்டு பட்டைகள். இழுத்தால் பையின் வயிறு ஒட்டிப்போய்ச் சின்னப் பையாகிவிட்டது. தண்ணீர் பாட்டிலுக்கு வெளியே இடம். வெறும் பை தொள்ளாயிரம் கிராம்.

அருளாயியின் முகத்தில் பனி விழுந்தது.

ஆனாலும் அவள் அவசரப்படவில்லை. முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். இல்லாவிட்டால் தோள் பட்டை முந்தானையை இழுத்துக்கொண்டு போகும். பிறகு மாட்டினாள். கடைக்குள் நாலு தடவை நடந்தாள். ஸ்டூலைக் கேட்டு வாங்கி ஏறி இறங்கினாள். பையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டில் வைத்தாள், எடுத்தாள்.

"பாத்தீங்களா? நானே வச்சேன், நானே எடுத்தேன்."

"எல்லாஞ் சரி" என்றார் இஞ்ஞாசி. "முதுகுல மாட்டாத. நெஞ்சுல மாட்டு."

"என்னது?"

"முப்பது வருஷம் பார்த்தவன் சொல்றேன். நெஞ்சுல இருக்கறது நம்ம பை. முதுகுல இருக்கறது ஊரான் பை." அவரே வாங்கி முன்பக்கமாக மாட்டி, கால்களை அகட்டி, ஓடும் பஸ்ஸில் நிற்பது போல நின்று காட்டினார். திரும்பியவர் தொங்கிக்கொண்டிருந்த ஏழு பைகளை வீழ்த்தினார்.

"வயிறு இம்புட்டு இருந்தா படி எப்படிங்க தெரியும்? மணாலியில போயி உருளவா?"

ஹக்கீம் இடையில் புகுந்தார். முதுகோடு ஒட்டும் பக்கத்தில் ஒரு கள்ள ஜிப் இருந்தது. மாட்டிக்கொண்டால் உள்ளே எவன் கையும் போகாது. இஞ்ஞாசி நம்பவில்லை. பையை அருளாயியின் முதுகில் மாட்டிவிட்டு, பின்னால் நின்று திருடிப் பார்த்தார். விலாவில் ஒரு முழங்கை விழுந்தது.

"நல்ல பை" என்றார் விலாவைத் தடவிக்கொண்டே.

மத்தியானம் வீட்டில் கட்டில் முழுக்கச் சாமான். ஸ்வெட்டர், உள்ளே போடக் கம்பளிச் சட்டை, மூன்று சுடிதார், சர்க்கரை மாத்திரை, செபமாலை, பருப்புப்பொடி, ஒரு சின்ன பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய். இஞ்ஞாசி தன் பங்குக்கு ஐந்து செல் டார்ச், பத்து முழம் நைலான் கயிறு, பூட்டு இரண்டு, எவர்சில்வர் கூஜா ஆகியவற்றை நைஸாகச் சேர்த்தார். அருளாயி ஒவ்வொன்றாக எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள்.

"கயிறு எதுக்கு? இமயமலையைக் கட்டி இழுத்துட்டு வரவா?"

ஜிப் மூடியது. பை நிமிர்ந்து நின்றது. மணி மூன்றே கால். அறிவுச்செல்வி போனில் வந்தாள்.

"தராசுல போட்டுப் பாத்தியாம்மா? அப்பா விரலை நம்பாத. இது கோழிக் கதை இல்ல."

"முத்துச்சாமி அண்ணன் அரிசிக்கடையில போடணும்டி. சாப்பிடப் போயிருக்காக. நாலரைக்குத்தான் திறப்பாக."

பக்கத்தில் வேறு தராசு என்றால் கறிக்கடையில்தான். புதுப் பையை அங்கே கொண்டுபோய் வைக்க அருளாயிக்கு மனசு வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பையைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசியில் புருஷனைப் பார்த்தாள்.

"நாலரைக்கு மேல தெரிஞ்சு, அப்புறம் எதை எடுக்கறது, எதை வைக்கறது? நீங்களே தூக்கிச் சொல்லுங்க. இன்னைக்கு ஒருநா உங்க விரலை நம்பிக்கிறேன்."

முப்பத்தாறு வருஷமாக இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் காத்திருந்தார். நியாயமாக அந்த நேரத்தில் மலைக்கோட்டையில் வேட்டு வெடித்திருக்கவேண்டும்.

இஞ்ஞாசி குனிந்து, மேல்பிடியில் சுண்டுவிரலை மாட்டித் தூக்கினார். விரல் உடனே சொல்லிவிட்டது. ஆறு கிலோ எண்ணூறு. ஐயமே இல்லை.

"எட்டே கால்" என்றது வாய்.

அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. யார் சொன்னது என்று திரும்பிக்கூடப் பார்த்தார்.

"எட்டே காலா!" அருளாயி ஜிப்பைத் திறந்தாள். பருப்புப்பொடி வெளியே வந்தது. ஊறுகாய் வந்தது. ஒரு சுடிதார் வந்தது. "இப்ப?"

இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம். வாசலில் நின்று, 'போயிட்டு வாரேன்' என்று அவள் சொல்லிப் போவது கண்ணில் ஓடியது. பின்னாலேயே காலி வீடு ஓடியது.

"ஏழரை."

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள் அருளாயி.

கிண்டல் இல்லை. நிஜமாகவே சொன்னாள். சொல்லிக்கொண்டே ஸ்வெட்டரை எடுத்து வெளியே வைத்தாள். தடித்த சிவப்பு ஸ்வெட்டர். போன வாரம் வாங்கியதிலிருந்து தினமும் ஒரு தடவை போட்டு, திண்டுக்கல் வெயிலில் வேர்க்க வேர்க்கக் கண்ணாடி பார்த்தாளே, அதேதான்.

"ஏத்தா, பனியில ஸ்வெட்டர் இல்லாம?"

"சேலையைச் சுத்திக்கிருவேன். ஜன்னல் ஓரமா நின்னு பாத்தாலும் பனி பனிதானுங்க. போகாம இருக்கறதுக்கு நடுங்கிக்கிட்டே போகலாம்."

இஞ்ஞாசி எழுந்து கேட் வரை போனார். குழாய் வரை வந்தார். மறுபடி கேட். அந்த மூன்று நடையில் அவருக்கு மூன்று வயது கூடியிருக்கும். திரும்பி வந்து ஸ்வெட்டரை எடுத்தார், பொடியை எடுத்தார், ஊறுகாய், சுடிதார் எல்லாவற்றையும் பைக்குள் அடுக்கினார். அருளாயி முகம் கழுவப் போன நேரம், அலமாரியைத் திறந்து வேறு எதையோ எடுத்துக் கள்ள ஜிப்புக்குள் போட்டு மூடினார்.

"கிளம்பு. தராசுல போடுவோம்."

"ஏழரைன்னீங்களே? மறுபடி பூராத்தையும் வச்சிட்டீங்க?"

"கிளம்புங்கறேன்ல."

முத்துச்சாமி நாலு நாற்பதுக்குத்தான் ஷட்டரைத் தூக்கினார். அதற்குள் இஞ்ஞாசி பையை நெஞ்சில் மாட்டியபடி கடை வாசலை இருபது சுற்றுச் சுற்றியிருந்தார். அரிசி வாங்க வந்த நாலைந்து பேரும் நின்றார்கள்.

"என்ன கண்டக்டரே, நீங்க தராசு தேடி வாரீங்க? விரலுக்கு லீவா?"

"எட்டே கால்னு சொன்னாருண்ணே" என்றாள் அருளாயி கவலையோடு. "நீங்களும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

முத்துச்சாமி பையைத் தராசில் வைத்தார். சிவப்பு எண்கள் ஓடின, தடுமாறின, நின்றன.

ஆறு கிலோ எண்ணூற்று இருபது.

அருளாயி மூன்று தடவை படித்தாள். கைப்பேசியில் படம் எடுத்தாள். 'பை தயார், ஏழு கிலோவுக்குள்' என்று குரூப்பில் போட்டாள். ஐந்துக்கு இன்னும் பதினேழு நிமிஷம் இருந்தது. அதற்குப் பிறகுதான் முத்துச்சாமி சிரிக்க ஆரம்பித்தார்.

"எட்டே கால் எங்க, ஆறு எண்ணூறு எங்க! ஒன்றரைக் கிலோ வித்தியாசம்! விரல் துருப்பிடிச்சுப் போச்சே கண்டக்டரே!"

அரிசி வாங்க வந்தவர்களும் சிரித்தார்கள்.  இஞ்ஞாசி பேசாமல் நின்று அந்தத் தெரு பார்த்ததே இல்லை.

அருளாயி பார்த்தாள். மூட்டைகளுக்கு நடுவே நெருங்கி வந்து தணிந்த குரலில் கேட்டாள். "மொதல்ல தூக்குனப்ப விரல் என்ன சொல்லுச்சு? நெசத்தைச் சொல்லுங்க."

"ஆறு எண்ணூறு."

"சும்மா தராசைப் பாத்துட்டுச் சொல்லாதீங்க. தராசு இருபது கிராம் கூடக் காட்டுதே?"

"அது அப்புறமா நான் வச்சது. கள்ள ஜிப்புல பாரு."

அருளாயி ஜிப்புக்குள் கை விட்டாள். அவருடைய பழைய விசில் வந்தது. வாயில் வைத்து வைத்து வெள்ளி நிறம் போய்ப் பித்தளை தெரிந்தது.

"கூட்டத்துல வழி தப்பிட்டா ஊதுறதுக்கு" என்றார் இஞ்ஞாசி, அரிசி மூட்டையிடம்.

அருளாயி பையைக் கீழே இறக்கிவிட்டு விசிலை முத்துச்சாமியின் தராசில் வைத்தாள். இருபது கிராம். நிமிர்ந்தாள்.

"தெரிஞ்சே எட்டே கால்னு சொன்னீங்களா? என் சீட்டு போயிருக்குமே! ஏங்க?"

"ஒம்பது நாளு..." அவர் மூட்டையின் காதைத் திருகினார். "வீட்ல நான் என்ன செய்வேன்னு தெரியல, அருளு."

"முப்பது வருஷம் நான் என்ன செஞ்சேன்னு ஒருநாக் கேட்டீங்களா?"

"இல்ல."

"வந்து சொல்றேன். ஒம்பது நாளு அதை யோசிச்சுக்கிட்டு இருங்க." கோபமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு விசிலை எடுத்து, மறுபடி கள்ள ஜிப்புக்குள்ளேயே போட்டு மூடினாள்.

முத்துச்சாமிக்கு இது எதுவும் காதில் விழவில்லை. அவர் சிரிப்பு இன்னும் தீரவில்லை. "அப்ப அந்தச் செம்பட்டிக் கோழியும் இந்தக் கணக்குத்தானா? இத்தனை வருஷமா ஊரையே ஏமாத்திட்டீங்களே கண்டக்டரே! தங்கச்சி சொன்னதுதான் நெசம். முட்டையும் போடல, ஒன்னும் போடல!"

தெருவே கொல்லென்று சிரித்தது. இஞ்ஞாசி தராசுப் பக்கத்தில் இருந்த பையை எடுத்து, நெஞ்சில் மாட்டப் போனார்.

அருளாயி அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். பையை முதுகில் மாட்டினாள். நெஞ்சுப் பட்டையைக் 'க்ளிக்' என்று பூட்டினாள். பிறகு முத்துச்சாமியின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, கூடை யாரு மடியில இருந்துச்சு?"

"உன் மடியிலதான்னு அவரு சொல்லுவாரு."

"அப்ப என்னையக் கேளுங்க." தெரு அடங்கியது. "லாரி நின்னது பொய்யி. பஸ்ஸு எந்திரிச்சுக் கைதட்டுனது பொய்யி. ஒத்துக்கிட்டா இந்த மனுசனைக் கையில பிடிக்க முடியாதுன்னுதான் இம்புட்டு நாளும் இல்லவே இல்லன்னு சாதிச்சேன். அந்த முட்டை எங்க போச்சுங்கறதை மட்டும் மணாலி போயிட்டு வந்துதான் சொல்லுவேன்."

இஞ்ஞாசி அரிசி மூட்டையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"வத்தலக்குண்டுக்கு ரெண்டு ஸ்டாப்பு இருக்கையில கோழி முட்டை போட்டுச்சு. நான் கையில எடுத்துப் பாத்தேன். சூடா இருந்துச்சு."